கேசிங் ஃபேன்: எது உள்ளே இழுக்க வேண்டும், எது வெளியே தள்ள வேண்டும்?

பரந்தன்_ஸ்ரூடியோ

வணக்கம். பரந்தன் சந்திக்குக் கிட்ட ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். கலியாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடிற்றிங்தான் முக்கிய வேலை. கொம்பியூட்டரின் ப்ரொசெசர் ரைசன் 7 5700எக்ஸ், விஜிஏ கார்ட் ஆர்டிஎக்ஸ் 3060, ப்ரொசெசர் கூலர் ஒரு ஃபேன் உள்ள கோபுர வகை. கேசிங், அதாவது கொம்பியூட்டர்ப் பெட்டி, புதிது. முன்பக்கம் கம்பி வலை, அதற்குப் பின்னால் 3 ஃபேன். பின்பக்கம் 1. மேலே 2 பூட்ட இடம் வெறுமையாக இருக்கிறது. கையில் 120 மிமீ ஃபேன் 2 தனியாக உண்டு.

மத்தியானத்தில் 4கே எக்ஸ்போர்ட் போட்டால் ப்ரொசெசர் 88 பாகைக்கு வந்து நிற்கிறது, விஜிஏ 82. அறைக்கு மேலே சீற் கூரைதான், அதனால் அறையும் கொதிக்கிறது. ஆவணி மாதம் வேலை வரிசையாக இருக்கிறது, நடுவில் நிற்பாட்டவும் முடியாது.

மேலே இரண்டையும் வெளியே தள்ளுகிற மாதிரிப் பூட்டு, சூடு மேலேதானே போகும் என்கிறார் ஒருவர். இன்னொருவர் எல்லாவற்றையும் உள்ளே இழுக்க விடச் சொல்கிறார். எது சரி? அப்புறம் ஃபேனின் எந்தப் பக்கத்தால் காற்று வெளியே வரும் என்று பார்த்தவுடன் தெரிந்துகொள்ள வழி உண்டா?

குளக்கட்டு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஃபேனைக் கையில் எடுத்து இரண்டு முகத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் இறக்கைகள் மறைப்பில்லாமல் தெரியும். மற்றப் பக்கம் நடுவில் மோட்டார், அதைப் பிடித்துக்கொண்டு சட்டத்துக்கு ஓடும் நாலு கால், மோட்டாருக்கு மேலே ஸ்டிக்கர். காற்று திறந்த முகத்தால் நுழைந்து, கால்கள் உள்ள முகத்தால் வெளியேறும். சில ஃபேன்களில் சட்டத்தின் ஓரத்தில் இரண்டு அம்புக்குறி இருக்கும். ஒன்று இறக்கை சுற்றும் திசை, மற்றது காற்றுப் போகும் திசை.

ஆகவே முன்பக்க ஃபேனை வெளியில் நின்று பார்த்தால் திறந்த முகம் உங்களைப் பார்க்க வேண்டும். பின்பக்க ஃபேனை வெளியில் நின்று பார்த்தால் கால்கள் தெரிய வேண்டும். கடையில் பூட்டி வந்தது என்று நம்பிவிடாமல் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மேலே பூட்டும் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் ஒன்று: பெட்டி எங்கே வைத்திருக்கிறீர்கள்? மேசைக்குக் கீழா, மேலா? பின்பக்கத்துக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி?

வவுனியா_கேமர்

அம்புக்குறியைப் பார்ப்பதுதான் பாதுகாப்பு. இப்போது ரிவர்ஸ் ஃபேன் என்று ஒரு வகை விற்கிறார்கள். இறக்கையை மறுவளமாக வளைத்திருப்பார்கள், காற்று கால்கள் உள்ள பக்கத்தால் நுழைந்து திறந்த முகத்தால் வெளியே வரும். கண்ணாடி கேசிங்கில் ஃபேன் உள்ளே இழுத்தாலும் அழகான முகம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது. அந்த வகையில் குளக்கட்டு அண்ணை சொன்ன அடையாளம் தலைகீழாகிவிடும். சந்தேகம் இருந்தால் ஓடவிட்டு ஒரு துண்டு ரிசு பேப்பரைக் கிட்டப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்கிறது, பறந்தால் தள்ளுகிறது.

மாங்குளம்_தொடர்பகம்

நான் வேறு மாதிரிச் சொல்வேன். எங்கள் கடையில் 4 கொம்பியூட்டர் ஓடுகிறது, எல்லாவற்றிலும் ஃபேன் வெளியேதான் தள்ளும். உள்ளே இருக்கும் சூட்டை வெளியே எடுத்தால் போதும், புதுக்காற்று ஓட்டைகளால் தானாக வரும். வன்னி வெயிலில் வெளிக்காற்றே சூடு. அதை ஏன் மினக்கெட்டு உள்ளே இழுக்க வேண்டும்? மேலே இரண்டையும் வெளியே தள்ளுகிற மாதிரிப் பூட்டுங்கள்.

அறிவியல்நகர்_மாணவி

அண்ணை, வெளியே போகும் காற்று எவ்வளவோ அவ்வளவு உள்ளே வந்தே தீரும். அதை இழுத்தாலும் சரி, வெளியே தள்ளினாலும் சரி, வருவது அறையில் உள்ள அதே சூட்டுக் காற்றுதான். அதனால் "வெளிக்காற்று சூடு" என்பது எந்தத் திசைக்கும் சாதகமில்லை. கேள்வி, அந்தக் காற்று எந்த வழியால் நுழைகிறது என்பது.

கணக்கைப் பார்ப்போம். 5700எக்ஸ் முழு வேலையில் ஏறத்தாழ 76 வாட் எடுக்கும், 3060 கார்ட் 170 வாட். மற்றவற்றையும் சேர்த்து 300 வாட் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 50 கன அடி காற்று உண்மையாகவே பெட்டிக்குள்ளால் ஓடினால், வெளியேறும் காற்று நுழைந்ததைவிட ஏறத்தாழ 11 பாகை சூடாக இருக்கும். 100 கன அடி ஓடினால் அந்த வித்தியாசம் 5 முதல் 6 பாகைக்கு இறங்கும். 25 ஆகக் குறைந்தால் 22 பாகை. ஒரு 120 மிமீ ஃபேன் விற்கும் மட்டைப் பெட்டியின் மேல் 50, 60 கன அடி என்று போட்டிருப்பது முன்னால் எந்தத் தடையும் இல்லாதபோது கிடைக்கும் அளவு. வலை, ஃபில்டர், வயர் கூட்டம் எல்லாம் குறுக்கே வந்தால் பாதிக்கும் கீழே போகலாம்.

"சூடு மேலே போகும்" என்பதையும் எண்ணால் பார்க்கலாம். அரை மீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த உயரமுள்ள பெட்டிக்குள் 10 பாகை வித்தியாசம் இருந்தால், சூட்டுக் காற்று மேலே எழும் அழுத்தம் 0.2 பாஸ்கல்கூட இல்லை. ஒரு சாதாரண ஃபேன் 10 பாஸ்கலுக்கு மேல் தரும். ஃபேன் ஓடத் தொடங்கினால் காற்று அது தள்ளும் பக்கம்தான் போகும், கீழ்நோக்கித் தள்ளினாலும் போகும். மேலே பூட்டக் கூடாது என்று சொல்லவில்லை. சூடு மேலே போகிறது என்பது அதற்குக் காரணமாகாது, அவ்வளவுதான்.

குளக்கட்டு

தங்கச்சி கணக்கால் சொன்னதை நான் தூசியால் சொல்கிறேன். கிளிநொச்சியில் கொம்பியூட்டர் திருத்துகிறேன், திறந்து பார்க்கும் பெட்டிகளே கதை சொல்லும்.

ஃபேன் எல்லாம் வெளியே தள்ளினால் பெட்டிக்குள் அழுத்தம் குறையும். அப்போது காற்று கிடைத்த இடுக்கால் எல்லாம் நுழையும்: யூஎஸ்பி ஓட்டை, பின்னால் கார்ட் செருகும் இடத்துத் தகட்டு இடுக்கு, பக்கத் தகட்டின் விளிம்பு. அங்கே ஒன்றிலும் ஃபில்டர் இல்லை. நம்மூரில் வைகாசி தொடங்கினால் சோளகம், தென்மேற்குக் காற்று. கிரவல் றோட்டுச் செம்புழுதி முழுக்க அந்த இடுக்குகளால் போய் மதர்போர்டில் படியும். அறுவடை நேரத்தில் சுணையும் வைக்கோல் தூளும். அப்படி ஓடிய பெட்டியில் யூஎஸ்பி வாய்களும் கார்ட் செருகும் இடங்களும்தான் முதலில் சிவப்பாகும். மாங்குளம் தம்பி ஒருமுறை தன் பெட்டியின் பின்பக்கத் தகடுகளைக் கழற்றிப் பார்க்கட்டும்.

உள்ளே இழுப்பது வெளியே தள்ளுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அழுத்தம் மறுபக்கம் திரும்பும். காற்று முன் ஃபில்டரால் மட்டும் நுழையும், இடுக்குகளால் வெளியே கசியும். ஃபில்டரைக் கழுவலாம், மதர்போர்டைக் கழுவ முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே வன்னியில் நான் உள்ளிழுப்பைக் கூட வைக்கச் சொல்வேன்.

ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது. முன்னால் 2, பின்னும் மேலும் 2 என்றால் சமம் போலத் தெரியும். முன்னால் உள்ளவை ஃபில்டருக்குள்ளால் இழுக்கின்றன, வெளியே தள்ளுபவைக்கு அப்படித் தடையில்லை. கணக்குச் சமமாக இருந்தாலும் பெட்டி வெளியே தள்ளும் பக்கம்தான் சாயும். சோதிக்க ஊதுபத்தி போதும். எல்லா ஃபேனும் ஓடும்போது கார்ட் இடுக்குகளுக்குப் பக்கத்தில் வெளியில் வைத்துப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் அழுத்தம் குறைவு, வெளியே தள்ளுப்பட்டால் நல்லது. சாம்பல் உள்ளே விழாமல் கவனம்.

வவுனியா_கேமர்

மேலே பூட்டும் விசயத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மேலே இரண்டு இடம் இருந்தால் இரண்டும் ஒன்றல்ல. பின்பக்கத்துக்குக் கிட்ட உள்ளது கூலருக்கு மேலேயும் பின்னேயும் வரும். அங்கே வெளியே தள்ளினால் கூலர் விட்ட சூட்டுக் காற்றை எடுக்கும். முன்பக்கத்துக்குக் கிட்ட உள்ள இடத்தில் வெளியே தள்ளினால், முன் ஃபேன் இழுத்த புதுக்காற்றைக் கூலருக்குப் போய்ச் சேர முன்பே மேலால் எடுத்துவிடும். ஃபேன் ஓடுகிறது, சத்தமும் வருகிறது, ஆனால் வேலை நடக்கவில்லை. என் பழைய கேசிங்கில் அந்த ஒன்றைக் கழற்றியபோது ப்ரொசெசர் இரண்டு பாகை இறங்கியது.

கூலரின் ஃபேனும் அதே வரிசையில் இருக்க வேண்டும். முன்னாலிருந்து எடுத்துப் பின்னால் தள்ளட்டும். பின் ஃபேன் அதை வாங்கி வெளியே விடும். கேசிங்கோடு கூலர் ஃபேன் எதிர்த்தால் நடுவில் காற்று சுற்றிச் சுற்றி நிற்கும்.

பரந்தன்_ஸ்ரூடியோ

எல்லாருக்கும் நன்றி. பார்த்தேன். முன் 3 உள்ளே இழுக்கிறது, பின் 1 வெளியே தள்ளுகிறது, கூலரும் அதே திசை. ஊதுபத்திப் புகை இடுக்கிலிருந்து வெளியே தள்ளுப்படுகிறது. அப்படியென்றால் ஏற்கெனவே சரியாகத்தானே இருக்கிறது? பிறகேன் 88?

குளக்கட்டு அண்ணை கேட்டதற்கு: பெட்டி எடிற்றிங் மேசைக்குள் செய்த அடைப்பில் இருக்கிறது. மூன்று பக்கம் பலகை, முன்பக்கம் திறப்பு. பின்னால் சுவருக்கு நாலு விரல் இடைவெளி. கடை மேற்குப் பார்த்தது, ஏ9 றோட்டுப் புழுதி வரும் என்பதால்தான் அதற்குள் வைத்தோம்.

குளக்கட்டு

அதைத்தான் கேட்டேன். ஒரு வெப்பமானியை எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று அறையின் நடுவில், மற்றது முன் வலைக்கு முன்னால் இரண்டு அங்குலத்தில். எக்ஸ்போர்ட் ஓடி அரை மணி கழித்துப் பாருங்கள்.

பரந்தன்_ஸ்ரூடியோ

அறை 34. வலைக்கு முன்னால் 41.

அறிவியல்நகர்_மாணவி

அப்போ விடை வந்துவிட்டது. பின்னால் விடும் சூட்டுக் காற்று பலகைக்குள் அடைபட்டு, பெட்டியின் இரு பக்கத்தாலும் சுற்றி முன்னால் வருகிறது. விட்ட காற்றையே திரும்ப இழுக்கிறது. ப்ரொசெசரின் சூடு நுழையும் காற்றின் மேல்தான் ஏறும், அதனால் காற்று நுழையும் இடத்தில் 7 பாகை கூடினால் உள்ளேயும் ஏறத்தாழ 7 பாகை கூடும். இந்த நிலையில் மேலே இன்னும் இரண்டு ஃபேன் பூட்டினால் அந்தச் சுழற்சி இன்னும் வேகமாகும், வேறொன்றும் நடக்காது.

ஃபேன் திசை என்றால் பெட்டிக்குள் மட்டும் பார்க்கிறோம். காற்றின் பாதை பெட்டிக்கு வெளியேயும் இருக்கிறது. புதுக்காற்று எங்கிருந்து வருகிறது, விட்டது எங்கே போகிறது, இரண்டும் சந்திக்கக் கூடாது.

குளக்கட்டு

அதேதான். மேசைக்குள்ளேயே வைக்க வேண்டுமென்றால் பின் பலகையைக் கழற்றிவிடுங்கள், சுவரிலிருந்து மேசையை ஒரு சாணாவது தள்ளுங்கள். பெட்டிக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் காட்போட் மட்டையால் அடைத்தால் சூட்டுக் காற்று முன்னால் வர வழியில்லை. எல்லாவற்றிலும் நல்லது மேசைக்கு மேலே எடுத்துவைப்பது. நிலப் புழுதியும் குறையும்.

கடை மேற்குப் பார்த்தது என்றால் சோளகமும் பின்னேர வெயிலும் நேரே வரும். முன் வலை வாசலைப் பார்க்காமல் பெட்டியைத் திருப்பி வையுங்கள்.

முல்லைக்கரை

இடையில் ஒரு கேள்வி. நான் முல்லைத்தீவில், கடலிலிருந்து நடந்து போகும் தூரம். எனக்குத் தூசியைவிட உப்புத்தான் பிரச்சினை. ஸ்க்ரூக்கள் துருப்பிடிக்கின்றன, ரேம் கால்களில் பச்சை பூத்தது. உள்ளிழுப்பைக் கூட வைத்தால் உப்புக்காற்றும் கூடத்தானே வரும்? எனக்கு மாங்குளத்தார் சொன்ன மாதிரி வெளியே தள்ளுவது நல்லதா?

அறிவியல்நகர்_மாணவி

உப்பைத் திசையால் தடுக்க முடியாது, ஏனென்றால் இரண்டு முறையிலும் ஓடும் காற்றின் அளவு ஒன்றுதான். உங்களுக்கு உதவுவது அளவைக் குறைப்பது. தேவையில்லாத நேரத்தில் ஃபேன்கள் முழு வேகத்தில் ஓட வேண்டாம். பயோஸில் (கொம்பியூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) ஃபேன் வேகத்தை வெப்பநிலைக்கு ஏற்ப ஏறவிடலாம். 4 கம்பி ஃபேன் என்றால் பிடபிள்யுஎம் முறை, 3 கம்பி என்றால் வோல்ட்டேஜ் முறை என்று தெரிவு செய்யுங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் ஏறத்தாழப் பாதியாகும், ஆனால் சத்தம் அதைவிட நன்றாகக் குறையும்.

உப்போடு தூசியும் சேர்வதுதான் பெரிய ஆபத்து. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். தூசிப் படலத்தில் அந்த ஈர உப்பு இருந்தால் மின்சாரம் கசியப் பாதை கிடைக்கும். அதனால் உங்களுக்கும் ஃபில்டரும் கூடுதல் உள்ளிழுப்பும் நல்லதுதான். உப்பை நிறுத்தாது, ஆனால் உப்புத் தங்கத் தூசி இருக்காது. மாரியில் வாடைக்காற்று கடலிலிருந்து வரும் நாட்களில் பெட்டியைக் கொஞ்ச நேரமாவது தினமும் ஓடவிடுங்கள். உள்ளே இளஞ்சூடு இருந்தால் ஈரம் படியாது. கிழக்கு யன்னலுக்குக் கீழே வைக்க வேண்டாம்.

மாங்குளம்_தொடர்பகம்

குளக்கட்டு அண்ணை சொன்னபடி ஒரு பெட்டியைத் திறந்தேன். கார்ட் இடுக்குகளில் செம்மண் கட்டியாக இருக்கிறது, முன்பக்கம் சுத்தமாக இருக்கிறது. நீங்கள் சொன்னது சரி.

ஆனால் என்னுடையவை பழைய கேசிங், முன்னால் ஃபில்டர் இல்லை. நுளம்பு வலையை வெட்டி ஒட்டினால் போதுமா? அப்புறம் தூசியை ரயர் கடைக் கொம்பிரசரால் அடிக்கலாமா?

குளக்கட்டு

நுளம்பு வலை பூச்சி, பஞ்சு, வைக்கோல் துரும்பை நிறுத்தும். மாரியில் ஈசல் வரும்போது அது நல்ல காவல். நுண்ணிய செம்புழுதி அதற்குள்ளால் போகும். அதைத் தடுக்கக் கணினிக் கடைகளில் விற்கும் நைலோன் ஃபில்டர் வேண்டும், ஓரத்தில் காந்தப் பட்டி வைத்து வரும். பெரிய விலையில்லை. ஆனால் அது காற்றையும் தடுக்கும், ஒரு ஃபேன் போதாமல் போகலாம். உங்கள் பெட்டிகள் பில் அடிக்கவும் போட்டோ கொப்பி போடவும்தான் என்றால் முன்னால் ஃபில்டரோடு 1 உள்ளே, பின்னால் இப்போது இருக்கும் 1ஐ வேகம் குறைத்து வெளியே. பவர் சப்ளை மேலே உள்ள பழைய வகை என்றால் அதுவும் வெளியே தள்ளும் ஒரு ஃபேன்தான், கணக்கில் சேருங்கள். அப்படியென்றால் பின் ஃபேன் இல்லாமலே விட்டுப் பாருங்கள்.

கொம்பிரசர் வேண்டாம். அழுத்தம் அதிகம், தொட்டிக்குள் தேங்கும் தண்ணீரும் சேர்ந்து வரும். கையில் பிடிக்கும் புளோவர் போதும். எதால் அடித்தாலும் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பெயரிங் கெடும், சுற்றும் மோட்டார் மின்சாரம் உண்டாக்கி மதர்போர்டுக்குத் திருப்பி அனுப்பவும் கூடும்.

வவுனியா_கேமர்

பவர் சப்ளை கீழே உள்ள கேசிங்குகளுக்கும் ஒரு வார்த்தை. பெட்டிக்கு அடியில் கால்களும் ஃபில்டரும் இருந்தால் பவர் சப்ளை ஃபேன் கீழ் நோக்கி இருக்கட்டும். அது தனக்கான காற்றைத் தானே கீழிருந்து எடுத்துப் பின்னால் விடும், மற்றவற்றோடு கலக்காது. பாய் அல்லது கார்ப்பெட்டில் வைத்திருந்தால் அந்த ஓட்டை அடைபடும். அப்போது ஒன்றில் பெட்டியைப் பலகையில் தூக்கி வையுங்கள், இல்லையென்றால் பவர் சப்ளையைத் திருப்பிப் பூட்டுங்கள்.

பரந்தன்_ஸ்ரூடியோ

நேற்று மேசையை மாற்றினேன். பின் பலகையைக் கழற்றிப் பெட்டியை மேசை மேலே வைத்தாயிற்று, முன் வலை உள்சுவரைப் பார்க்கிறது, நடுவில் இரண்டு அடி. மத்தியானம் அதே கலியாண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டேன். அறை 34, வலைக்கு முன்னால் 35. ப்ரொசெசர் 81, விஜிஏ 76.

அதன் பிறகு மேலே பின்பக்க இடத்தில் ஒரு ஃபேனை வெளியே தள்ளுகிற மாதிரிப் பூட்டினேன். ப்ரொசெசர் 79, விஜிஏ மாறவில்லை. ஊதுபத்திப் புகை இப்போதும் வெளியேதான் தள்ளுப்படுகிறது, ஆனால் முந்தியதைவிட மெல்ல. இதோடு நிறுத்தவா? மற்ற ஃபேனை மேலே முன்பக்க இடத்தில் உள்ளே இழுக்கிற மாதிரிப் போடவா?

அறிவியல்நகர்_மாணவி

போட்டால் கூலருக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் புதுக்காற்று வரும், ஒரு பாகை இறங்கினாலும் இறங்கும். ஆனால் மேலே ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சீற்றிலிருந்து விழும் தூசி நேரே ரேமுக்கு மேலே போகும். பெறுமதியில்லை.

விஜிஏ 76 என்பது 3060க்குப் பயப்பட வேண்டிய வெப்பநிலையே இல்லை, அந்த கார்டின் எல்லை 93. 5700எக்ஸின் எல்லை 90. முன்பு 88ல் எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றீர்கள், இப்போது 11 பாகை கையிருப்பு உண்டு. பங்குனி, சித்திரையில் அறை 37க்குப் போனாலும் தாங்கும்.

குளக்கட்டு

மிச்ச ஃபேனைப் பெட்டியில் பூட்ட வேண்டாம், உதிரியாக வையுங்கள். மலிவு ஃபேன்கள் இந்தச் சூட்டில் நீண்ட காலம் தாங்காது, அதிலும் மேலே கிடையாகப் பூட்டியது முதலில் சத்தம் போடும். அப்போது மாற்ற ஒன்று கையில் இருக்கும்.

முன் ஃபில்டரைச் சோளகம் முடியும்வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழற்றித் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். அலசாமல் விட்டால் முன் மூன்றும் மூச்சுத் திணறும், வெளியே தள்ளும் இரண்டும் வெல்லும், பிறகு இடுக்குகளால் புழுதி உள்ளே வரத் தொடங்கும். ஊதுபத்திப் புகை திரும்பி உள்ளே போனால் ஃபில்டரைக் கழுவும் நேரம் வந்துவிட்டது.

பரந்தன்_ஸ்ரூடியோ

சரி அண்ணை, அப்படியே செய்கிறேன். கழுவும்போது ஓட்டம் நிற்கக் கூடாது என்பதால் இன்னொரு ஃபில்டரும் வாங்கி மாறி மாறிப் போடப் போகிறேன்.

மாங்குளம்_தொடர்பகம்

எனக்கும் 4 ஃபில்டர் வேண்டும் தம்பி. 120 மிமீ அளவு. கிளிநொச்சிக்குப் போகும்போது சேர்த்து வாங்குங்கள், நான் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுக்கிறேன்.